வலப்புறம் ஓட்டுவதற்குக் கை பழகிவிடும், கண்தான் அடம்பிடிக்கும்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சாலையின் இடப்புறம் கார் ஓட்டிப் பழகியவன் நான். வேலை நிமித்தமாக, வலப்புறம் ஓட்டும் நாடு ஒன்றுக்கு மனைவி, குழந்தைகளோடு போகிறேன். விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு போகலாமா? பழகுவதற்கு எத்தனை நாளாகும்? அரை மணி நேரத்தில் பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அதை நம்பலாமா?

பதில்:

உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் கார் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் அவர்கள் சொல்வது கையும் காலும் பழகுவதை. எனக்குக் கவலை உங்கள் கண்ணைப் பற்றித்தான். எந்தத் திசையிலிருந்து வண்டி வரும், முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது நாம் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. சின்ன வயதில் சாலையைக் கடக்கத் தொடங்கியதிலிருந்தே கழுத்தில் ஏறிய பழக்கம் அது. அது மாற வாரக்கணக்கில் ஆகிறது. மாறவில்லை என்பது நமக்கே தெரிவதும் இல்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட்டுபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் எல்லா நாட்டிலும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. கால்களுக்குப் புதிய பாடம் எதுவும் இல்லை. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், கியர் வலக்கைக்கு வரும், சீட் பெல்ட் இடத்தோளிலிருந்து இறங்கும், பின்பக்கம் காட்டும் கண்ணாடி வலது மேல்பக்கம் இருக்கும். முதல் நாள் அந்தக் கண்ணாடியைத் தேடி உங்கள் பார்வை இடப்பக்க ஜன்னலுக்குப் போய்ப் போய்த் திரும்பும். ஜப்பானிய வகைக் கார்களில் பழகியவர் என்றால் இண்டிகேட்டர் உங்களுக்கு வலக்கைப் பக்கம் இருந்திருக்கும். இப்போது அது இடக்கைப் பக்கம் வருவதால் திரும்பப் போகும்போதெல்லாம் வெயிலில் வைப்பர் ஓடும். பின்னால் வருபவருக்கு அது வேடிக்கையாக இருக்கலாம், ஆபத்து ஒன்றுமில்லை.

கியர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் கியர் எப்போதும் போல் இடது மேல் மூலையில்தான் இருக்கிறது. ஆனால் முன்பு அது உங்கள் உடம்பை விட்டு விலகும் திசையில் இருந்தது, இப்போது உடம்பை நோக்கி வரும் திசையில் இருக்கிறது. எனவே கை முதல் கியரைத் தேடி மூன்றாவதைப் போடும். இந்தத் தலைவலியே வேண்டாம், ஆட்டோமேட்டிக் எடுங்கள். ‘எனக்கு மேனுவல்தான் வசதி’ என்று வீரம் பேசுகிறவர்களிடமும் இதையே சொல்வேன். ஒரே நேரத்தில் மூளைக்கு எத்தனை புதிய வேலை கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் வாடகைக் கார் என்றாலே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். ஐரோப்பாவில் அப்படி நம்பிப் போகாதீர்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கார் ஒரு பக்கமாக ஒதுங்குவது. உங்களுக்குத் தெரியாமலேயே இது நடக்கும். இதுவரை நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கு இடப்பக்கம்தான் காரின் பெரும்பகுதி இருந்தது. தடத்தில் உங்கள் உடம்பு சற்று வலப்பக்கமாக இருந்தால் கார் நடுவில் போகிறது என்று மூளை கற்று வைத்திருக்கிறது. இப்போது காரின் பெரும்பகுதி உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் மூளை பழைய கணக்கின்படியே உடம்பை வலப்பக்கம் தள்ளி நிறுத்தப் பார்க்கும். விளைவு, வலப்பக்கச் சக்கரங்கள் நடைபாதைக் கல்லில் உரசும். நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடிகளை உங்கள் கண்ணாடி தொட்டுப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவிலிருந்து விலகி உள்பக்கம் சாய்கிறார் என்றால் காரணம் இதுதான். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் பார்ப்பது உண்மை.

இதற்கு மருந்து இருக்கிறது. சாலைக்கு வருவதற்கு முன் காலியான பார்க்கிங் இடம் ஒன்றில், தரையில் வரைந்திருக்கும் கோட்டின் மேல் இடப்பக்கச் சக்கரம் உருளும்படி மெதுவாக ஓட்டுங்கள். முன் கண்ணாடியின் அடி விளிம்பில் எந்த இடத்தில் அந்தக் கோடு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கச் சக்கரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். காரின் இரு ஓரங்களும் எங்கே இருக்கின்றன என்பதற்கு இப்போது உங்களிடம் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஓட்டும்போது பார்வை தடத்தின் நடுவில் தொலைவில் இருக்கட்டும். இடப்பக்கக் கண்ணாடியில் அவ்வப்போது ஒரு பார்வை. உங்கள் பக்கக் கோட்டுக்கும் காருக்கும் இடையே தேவைக்கு மேல் இடைவெளி தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள் என்று பொருள். வலப்பக்க ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம். எதை உற்றுப் பார்க்கிறோமோ அதை நோக்கியே கார் போகும்.

இனி கண்ணுக்கு வருகிறேன். 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவைக் கால்நடையாகக் கடந்தார் வின்ஸ்டன் சர்ச்சில். ஆங்கிலேயப் பழக்கப்படி வண்டி வராத திசையில் பார்த்துக்கொண்டே கடந்தபோது மறுதிசையிலிருந்து வந்த கார் அவரை மோதி வீழ்த்தியது. மருத்துவமனையில் படுத்திருந்து பிழைத்தார். அன்று அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் லண்டன் தெருக்களில் நடைபாதை ஓரத்தில் ‘வலப்பக்கம் பாருங்கள்’, ‘இடப்பக்கம் பாருங்கள்’ என்று பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பது வெளிநாட்டவரின் கழுத்துப் பழக்கத்தை நம்பாததால்தான்.

வலப்புறம் ஓட்டும் நாட்டில் உங்களுக்கு மிக அருகில் வருகிற வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். நடந்து கடந்தாலும் சரி, காரில் ஒரு சாலையில் நுழைந்தாலும் சரி, முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். பிறகு வலம், காலை எடுத்து வைக்கும் முன் மறுபடி இடம். உங்கள் பழைய பழக்கம் என்ன செய்யும் தெரியுமா? வலப்பக்கம் பார்க்கும், அருகில் யாரும் இல்லை என்று கண்டு நிம்மதியடையும், கால் பிரேக்கை விடும். பார்க்காமல் போனதாக நீங்கள் நினைக்கவே மாட்டீர்கள். பார்த்தீர்கள், ஆனால் ஆபத்து இல்லாத திசையில் பார்த்தீர்கள். கவனக்குறைவு என்றால் எச்சரித்துத் திருத்திவிடலாம். இது கவனத்தோடு செய்கிற தவறு. அதனால்தான் கண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஆகவே பயிற்சியைக் காரில் தொடங்க வேண்டாம், நடையில் தொடங்குங்கள். போய் இறங்கிய முதல் சில நாட்கள் நிறைய நடந்து சாலைகளைக் கடங்கள். ஒவ்வொரு முறையும் ‘முதலில் இடம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்புங்கள். பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரின் பார்வை உங்களுக்கும் கிடைக்கிற மாதிரி முன் இருக்கையில் உட்காருங்கள். நண்பர் யாராவது ஓட்டினால் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, நீங்களே ஓட்டுவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் எங்கே பார்ப்பீர்கள், எந்தத் தடத்தில் நுழைவீர்கள் என்று மனத்துக்குள் முடிவெடுத்துப் பாருங்கள். அவர் செய்ததும் நீங்கள் நினைத்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். இதற்குச் செலவு இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனாலும் யாரும் செய்வதில்லை, நேரே சாவியை வாங்கத்தான் ஓடுகிறார்கள்.

சரி, ஓட்டத் தொடங்கிவிட்டீர்கள். எந்த இடத்தில் பயப்பட வேண்டும்? நெரிசலான நகரச் சாலையில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே முன்னால் போகிற வண்டி வழிகாட்டுகிறது, எதிரே வருகிற வண்டி எல்லை காட்டுகிறது. தவறாகப் போக நினைத்தாலும் முடியாது. ஆபத்து காலியான சாலையில்தான். அதிகாலையில், இரவில், கிராமப்புறத்தில், எதிரே யாருமில்லாத தெருவில் உங்களைத் திருத்த ஆள் இல்லை. அதிலும் குறிப்பாக, நின்றிருந்த வண்டியை மறுபடி எடுக்கும் நேரம். பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, கடை வாசலிலிருந்து கிளம்பும்போது, வீட்டுக்குள்ளிருந்து தெருவில் இறங்கும்போது, யு-டர்ன் எடுத்து முடிக்கும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழிச் சாலையில் நுழையும்போது பழைய பழக்கம் சத்தமில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

2019 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் க்ரோட்டன் விமானப்படைத் தளத்திலிருந்து வெளியே வந்த ஓர் அமெரிக்கர், இடப்புறம் ஓட்ட வேண்டிய சாலையில் வலப்புறமாகப் போனார். எதிரே சரியான பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது ஹாரி டன் உயிரிழந்தார். அந்த வழக்கு இரு நாடுகளின் உறவையே உரசிப் பார்த்தது, அது வேறு கதை. நமக்கு வேண்டிய பாடம் விபத்து நடந்த இடத்தில் இருக்கிறது: ஒரு வளாகத்தின் வாசலைத் தாண்டிய சற்று தூரத்தில்தான் அது நடந்தது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்றே ஒன்று. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக்கை விடுவதற்கு முன் ‘வலப்புறம்’ என்று வாய்விட்டுச் சொல்வது. மனத்துக்குள் சொன்னால் போதாது. கேட்கும்படி சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள், நீங்களே போதும் என்று சொல்கிற வரை சொல்வார்கள். நியூசிலாந்தில் வாடகைக் கார்களில் ‘இடப்புறம் செல்லுங்கள்’ என்ற ஸ்டிக்கரை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டித் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்காக இதே செய்தியைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்டிக்கர் எப்போதும் அதே இடத்தில் இருப்பதால் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். குரல் அப்படியல்ல. நிறுத்தும்போதே போக்குவரத்து போகும் திசையைப் பார்த்து வண்டியை நிறுத்துவதும் உதவும். எடுக்கும்போது நேரே போனாலே சரியான பக்கத்தில் இருப்பீர்கள்.

முதல் நாளைவிட, பழகிவிட்டது என்று தோன்றுகிற நாளுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். ஒரு நாடே இதற்குச் சாட்சி. 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு ஸ்வீடன் முழுவதும் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. விபத்துகள் குவியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. விபத்துகள் குறைந்தன. எல்லோரும் பயந்து பயந்து, மெதுவாக, எதிரே வருபவரைச் சந்தேகத்தோடு பார்த்தபடி ஓட்டினார்கள். பிறகு பயம் தெளிந்தது, ஈராண்டுக்குள் விபத்து எண்ணிக்கை பழைய நிலைக்கே ஏறிவிட்டது. 2009 செப்டம்பர் 7 அன்று சமோவா எதிர்த்திசையில், வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாறியபோது அரசு விடுமுறை விட்டு, வேக வரம்பைக் குறைத்து, மது விற்பனையையும் சில நாள் நிறுத்தியது. மனிதர்களின் கவனத்தை அளவுக்கு மேல் நம்பாத நல்ல அரசு. நீங்களும் உங்களிடம் அப்படியே இருங்கள். முதல் வாரம் முடிந்து ‘இப்போது யோசிக்காமலே ஓட்டுகிறேன்’ என்று தோன்றினால் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்வதை விடாமல் தொடர வேண்டும்.

பக்கத்தை நினைவில் வைக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு: ஓட்டுநரின் உடம்பு சாலையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்க வேண்டும், உடன் வருபவர் நடைபாதைப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் நாட்டிலும் அப்படித்தான் இருந்தது, அங்கேயும் அப்படித்தான். திருப்பம் முடிந்ததும் நடைபாதை உங்கள் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னொரு வசதி. எதிர்த்திசைப் போக்குவரத்தைப் பிரிக்கும் கோடு மஞ்சள், ஒரே திசையில் போகும் தடங்களைப் பிரிக்கும் கோடு வெள்ளை. மஞ்சள் எப்போதும் உங்கள் இடத்தோள் பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் தெரிந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். இந்தச் சூத்திரம் பொய்க்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளில் இடப்புறம் ஓட்ட வேண்டும், ஆனால் கார்கள் அமெரிக்க வகை, ஸ்டீயரிங்கும் இடப்பக்கம்தான். பிரிட்டனிலிருந்து சொந்தக் காரோடு கடலடிச் சுரங்க ரயிலில் ஏறி பிரான்சில் இறங்குபவருக்கும் இது செல்லாது.

திருப்பங்களில் இரண்டைத்தான் கற்க வேண்டும். வலப்பக்கம் திரும்புவது இனி உங்களுக்குச் சின்னத் திருப்பம். ஓரத்தை ஒட்டியே திரும்பி அருகிலிருக்கும் தடத்தில் நுழைய வேண்டும். பழைய பழக்கம் அகலமாக வளைத்து அப்பக்கம் கொண்டுபோகும், அங்கேதான் எதிரே வருபவர் இருக்கிறார். இடப்பக்கம் திரும்புவதுதான் பெரிய திருப்பம். எதிரே வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு, நீங்கள் நுழையும் சாலையின் முதல் பாதியைக் கடந்து, இரண்டாவது பாதியில் போய்ச் சேர வேண்டும். பழைய பழக்கம் குறுக்கே வெட்டி முதல் பாதியிலேயே நுழைக்கும். எனவே இடப்பக்கம் திரும்புமுன் நான் போய்ச் சேர வேண்டிய தடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கைச் சுழற்றுகிறேன். நடுவில் தடுப்புத் திட்டு உள்ள அகலச் சாலை என்றால் அந்தத் திட்டைத் தாண்டிப் போக வேண்டும். இரவில் திட்டு தெரியாது. முதல் சில நாட்கள் சிக்னல் இல்லாத இடத்தில் இடப்பக்கத் திருப்பம் தேவைப்படாத வழியையே தேர்ந்தெடுங்கள். மூன்று வலத் திருப்பம் போட்டால் ஓர் இடத் திருப்பத்தின் வேலை முடிந்துவிடும், கொஞ்சம் பெட்ரோல் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

ரவுண்டானாவில் சுற்றும் திசையும் மாறுகிறது. இடப்புற நாடுகளில் கடிகார முள் போகும் திசையில் சுற்றியிருப்பீர்கள். இப்போது அதற்கு எதிர்த்திசை. நுழையும்போது இடப்பக்கத்திலிருந்து சுற்றி வருபவருக்கு வழிவிட வேண்டும். மீண்டும் அதே கழுத்துப் பிரச்சினை: நீங்கள் வலப்பக்கம் பார்த்துக் காத்திருப்பீர்கள், வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். வெளியேறும் வழியைத் தவற விட்டால் பதறாதீர்கள், இன்னொரு சுற்று சுற்றுங்கள். ரவுண்டானாவில் அதற்குத் தடை இல்லை.

விதிகளில் பக்கம் மாறுவதால் வராத, ஆனால் உடன் வந்து ஒட்டிக்கொள்கிற வேறுபாடுகளும் உண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் போகிறீர்கள், அவர் சின்னச் சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் செல்லாது. மஞ்சள் வைரவடிவப் பலகை தெரிந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், நிம்மதியாகப் போகலாம். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சிவப்பு சிக்னலிலும் முழுமையாக நின்று, வருபவருக்கும் நடப்பவருக்கும் வழிவிட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். தடை செய்யும் பலகை இருந்தால் கூடாது. நியூயார்க் நகரில் பலகை அனுமதித்தாலொழிய கூடாது, கனடாவில் மான்ட்ரியல் தீவிலும் கூடாது. ஐரோப்பாவுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார் என்பதற்காகப் புரியாமல் திரும்புவதும் வேண்டாம், அவர் அவசரத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. நான்கு பக்கமும் ‘நில்’ பலகை உள்ள அமெரிக்கச் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில். சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நிற்கும் மஞ்சள் பள்ளிப் பஸ்ஸைக் கண்டால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிற நீங்களும் நிற்க வேண்டும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாத விதி இது.

நெடுஞ்சாலையைக் கண்டு பலரும் நடுங்குகிறார்கள். உண்மையில் பழகுவதற்கு மிக எளிய இடம் அது. எதிர்த்திசை வண்டிகள் தடுப்புக்கு அப்பால் போகின்றன, குறுக்கே யாரும் வருவதில்லை. மெதுவாகப் போகிறவர் வலப்பக்கத் தடத்தில், முந்துவது இடப்பக்கத்தில், முந்திவிட்டு மறுபடி வலப்பக்கம். ஜெர்மனியின் ஆட்டோபானில் வலப்பக்கமாக முந்துவது விதிமீறல். இடத்தடத்திலேயே குடியிருந்தால் பின்னால் ஒருவர் விளக்கை மின்னவிட்டுக்கொண்டே வருவார். கவனம் தேவைப்படுவது நெடுஞ்சாலைக்குள் நுழையும், வெளியேறும் சரிவுச் சாலைகளில். வெளியே வருபவர்களுக்கான வழியில் உள்ளே போய்விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து சாலையில் கிடையாது. வெள்ளைப் பட்டையிட்ட சிவப்பு வட்டமோ, அமெரிக்காவில் ‘தவறான வழி’ என்ற சிவப்புப் பலகையோ தெரிந்தால் அப்படியே நின்றுவிடுங்கள்.

குறுகலான கிராமச் சாலைகள் எனக்கு நெடுஞ்சாலையைவிட அதிகக் கவலை தருகின்றன. வளைவில் திடீரென்று எதிரே ஒரு வண்டி வந்தால் கை யோசிக்காமல் பழைய பக்கம் ஒதுக்கும். அவரும் தன் பழக்கப்படி ஒதுங்குவார், இருவரும் ஒரே பக்கம் போய்ச் சேர்வீர்கள். அதனால் இத்தகைய சாலைகளில் பிரேக் மட்டுமே போதுமான வேகத்தில் போங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பித் தப்பிக்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது. முதல் வாரத்தில் இருவழிச் சாலையில் முந்துவதையும் விட்டுவிடுங்கள்.

உடன் வருபவருக்கும் ஒரு வார்த்தை. பதற்றத்தில் ‘இடது, இடது!’ என்று கத்தினால், இடப்பக்கம் போ என்கிறாரா, இடப்பக்கம் வண்டி வருகிறது என்கிறாரா, இடப்பக்கம் போய்விட்டாய் என்கிறாரா என்று யாருக்கும் புரியாது. கிளம்பும் முன்பே இரண்டு சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ‘நம் பக்கம்’ என்றால் பக்கம் தவறிவிட்டது, ‘நிறுத்துங்கள்’ என்றால் நிறுத்த வேண்டும். வழி சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டால் மிக நல்லது. போனில் வழியைப் பார்ப்பதும் புதுப் பக்கம் ஓட்டுவதும் ஒரே மூளையின் வேலையாக இருக்கக்கூடாது.

இடப்புறம் ஓட்டும் நாட்டுக்குப் போகிற வலப்புறக்காரர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு மேலே சொன்ன எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் மாறும்: கார் இடப்பக்கம் ஒதுங்கும், முதலில் பார்க்க வேண்டியது வலப்பக்கம், ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. சொந்தக் காரை எல்லை தாண்டி ஓட்டிச் செல்பவருக்கு இன்னொரு வேலை உண்டு. முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி சாலை ஓரத்தைக் காட்டும்படி ஒரு பக்கம் சாய்வாக அமைந்திருக்கும். மறுபக்கம் ஓட்டும்போது அந்தச் சாய்வு எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கரை விளக்கின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில புதிய கார்களில் அமைப்பை மாற்றினாலே போதும்.

இப்போது விமான நிலையக் கேள்வி. ஓட்டாதீர்கள். நீண்ட பயணத்தால் தூக்கமில்லாத கண், புதிய கார், புதிய பக்கம், பின் இருக்கையில் அழுகிற குழந்தை, விமான நிலையத்தைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் சரிவுச் சாலைகள் எல்லாம் ஒரே மணி நேரத்தில் எதற்கு? டாக்சியில் தங்குமிடம் போங்கள், தூங்குங்கள், சில நாள் நடங்கள். பிறகு ஊருக்குள் இருக்கும் கிளையில், ஒரு விடுமுறை நாள் காலையில், வெளிச்சத்தில் காரை எடுங்கள். சின்னக் கார் போதும். காப்பீட்டில் நடைபாதையில் உரசும் சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் சேதக் காப்பு உண்டா என்று கேளுங்கள், முதலில் அடிபடுபவை அவைதான். முதல் நாள் தங்குமிடத்தைச் சுற்றியே ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். அடுத்த நாள் நெடுஞ்சாலை, அதற்குப் பிறகு இரவு ஓட்டம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன் உங்கள் நாட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், போன இடத்தில் கிடைக்காது. அது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றதுதான், தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். 1949, 1968 என இரண்டு உடன்படிக்கைகளின் கீழ் இந்த அனுமதி வழங்கப்படுகிறது, போகிற நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். அங்கேயே குடியேறுகிறீர்கள் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் உள்ளூர் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காலக்கெடு நாட்டுக்கு நாடு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உள்ளூர்ப் பயிற்றுநரிடம் சில வகுப்புகள் எடுப்பதை மானக்கேடாக நினைக்காதீர்கள். எங்கே பார்க்கத் தவறுகிறீர்கள் என்பதை உங்களைவிட அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார். தேர்வுக்கும் அது உதவும்.

பல மாதங்கள் கழித்து விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது சாவியை உடனே கையில் கொடுப்பார்கள். ‘பிறந்ததிலிருந்து பார்த்த சாலைதானே’ என்று தோன்றும். அதற்குள் கண் புதுப் பக்கத்துக்குப் பழகியிருக்கும். அங்கேயும் முதல் நாள் வேறு யாராவது ஓட்டட்டும், மறுநாள் வண்டியை எடுக்கும்போது ‘இடப்புறம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.